நகைச்சுவைத் திரைக்கதையில் இயக்கமும் டைமிங்கும்

திரைப்படத்தில் ஒரு நகைச்சுவைக் காட்சி வெற்றி பெற்றால் பாராட்டு பெரும்பாலும் இருவருக்குப் போகிறது. ஒருவர் வசனம் எழுதியவர், மற்றவர் அதைப் பேசி நடித்தவர். இயக்குநரை யாரும் அதிகம் நினைப்பதில்லை. சோகக் காட்சியிலும் சண்டைக் காட்சியிலும் ஒளி, கோணம், இசை ஆகியவற்றைக் கவனித்து இயக்கத்தைப் பற்றிப் பேசும் இரசிகர்கள்கூட நகைச்சுவைக்கு வந்தவுடன் வசனத்தை மட்டுமே திரும்பச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆனால் நன்றாக எழுதப்பட்ட நகைச்சுவை சிரிப்பாக மாறுவதும் வீணாகப் போவதும் பெருமளவு இயக்குநரின் கையில் இருக்கிறது. தமிழிலும் இந்தியிலும் பலரும் பார்த்திருக்கக்கூடிய சில படங்களைக் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

தமிழர் அனைவரும் அறிந்த எடுத்துக்காட்டு 1989இல் கங்கை அமரன் இயக்கத்தில் வெளிவந்த 'கரகாட்டக்காரன்' படத்தின் வாழைப்பழக் காட்சி. அப்படத்தின் நகைச்சுவைப் பகுதியை எழுதியவர் ஏ. வீரப்பன். இந்தக் காட்சியைத் தாளில் எழுதினால் மிகச் சாதாரணமாகத் தெரியும். ஒரு கேள்வி கேட்கப்படுகிறது, ஒரு பதில் வருகிறது. அதே கேள்வி மறுபடியும் கேட்கப்படுகிறது, அதே பதில் மறுபடியும் வருகிறது. புதிய சொல் எதுவும் சேர்வதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் கவுண்டமணியின் கோபம் ஒரு படி ஏறுகிறது, செந்திலின் அமைதி ஒரு படிகூட இறங்குவதில்லை. இந்த இரண்டுக்கும் இடையே வளரும் தூரமே நகைச்சுவை. அதைப் படிப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டும், பார்ப்பவருக்கோ அது கண்முன்னே நடக்கிறது.

டைமிங் என்பது வேகம் அல்ல

'டைமிங்' என்ற சொல் தமிழில் பேச்சு வழக்காகவே ஆகிவிட்டது. பலர் அதனை விரைவாகப் பதில் சொல்வது என்ற பொருளில் வழங்குகின்றனர். அது ஒரு பகுதி மட்டுமே. நகைச்சுவைக் காட்சியில் மூன்று வகையான நேரங்கள் உள்ளன.

முதலாவது, வசனத்துக்கு முன் உள்ள இடைவெளி. ஒரு கேள்விக்குப் பாத்திரம் உடனே பதில் சொல்கிறதா, ஒரு கணம் விழித்துவிட்டுச் சொல்கிறதா என்பதைப் பொறுத்து அதே பதில் புத்திசாலித்தனமாகவோ பொய்யாகவோ தோன்றும்.

இரண்டாவது, வசனத்துக்குப் பின் கேட்பவர் முகத்தில் செலவிடப்படும் நேரம். சிரிப்பு பல வேளைகளில் சொன்னவர் வாயிலிருந்து வருவதில்லை, கேட்டவர் முகத்திலிருந்தே வருகிறது. கேமரா பேசுபவரிடமே நின்றுவிட்டால் அந்தச் சிரிப்பு கிடைக்காது.

மூன்றாவது, பார்வையாளருக்குத் தெரிந்த உண்மை பாத்திரத்துக்குத் தெரியவர எடுத்துக்கொள்ளும் நேரம். இது ஒரு நொடியாக இருக்கலாம், படத்தின் பாதி நீளமாகவும் இருக்கலாம். ஆள்மாறாட்டக் கதைகள் அனைத்தும் இந்த நேரத்தை நம்பியே நிற்கின்றன.

முதல் இரண்டையும் நல்ல நடிகர்கள் ஓரளவு தாமே பார்த்துக்கொள்வர். மேடையில் அவர்களே அதற்குப் பொறுப்பு. திரைப்படத்திலோ நடிகர் விட்ட இடைவெளியைப் படத்தொகுப்பு குறைக்கவும் முடியும், கூட்டவும் முடியும். மூன்றாவது நேரம் முழுவதும் இயக்குநரைச் சார்ந்தது. எந்த உண்மையை எப்போது காட்டுவது, எவ்வளவு நேரம் மறைத்து வைப்பது என்பதை எழுத்தாளர் திட்டமிடலாம். அதைத் திரையில் காப்பாற்றுபவர் இயக்குநர்.

'காதலிக்க நேரமில்லை': கேட்பவரின் முகம்

1964இல் வெளிவந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தை இயக்கியவர் ஸ்ரீதர். எழுத்தில் அவருடன் பங்கு கொண்டவர் சித்ராலயா கோபு. அதற்கு முன் 'கல்யாண பரிசு' (1959), 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) போன்ற உருக்கமான காதல் கதைகளுக்காகவே ஸ்ரீதர் அறியப்பட்டிருந்தார். 'கல்யாண பரிசு' படத்திலும் தங்கவேலுவின் சிறந்த நகைச்சுவை உண்டு. ஆனால் அங்கே அது சோகக் கதைக்கு நடுவே வரும் இளைப்பாறல். 'காதலிக்க நேரமில்லை'யில் கதையே நகைச்சுவை. எனவே கதை நகரும் ஒவ்வொரு அடியும் நகைச்சுவையின் ஓட்டத்துக்கு உட்பட வேண்டியிருந்தது.

படத்தின் புகழ்பெற்ற பகுதி, செல்லப்பா தன் தந்தைக்குத் திகில் கதை சொல்லும் காட்சி. நாகேஷ் செல்லப்பாவாகவும் டி. எஸ். பாலையா எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனாகவும் நடித்தனர். படம் எடுக்கப் பணம் கேட்கும் மகனிடம் தந்தை கதையைக் கேட்கிறார். மகன் சொல்லத் தொடங்குகிறான். காட்சி அவ்வளவுதான்.

இங்கே ஸ்ரீதர் செய்யாமல் விட்டது முக்கியமானது. செல்லப்பா சொல்லும் திகில் கதையை அவர் தனிக் காட்சியாகப் படமாக்கிக் காட்டவில்லை. அப்படிக் காட்டியிருந்தால் அது ஒரு சாதாரணப் பேய்ப்படப் பகடியாக முடிந்திருக்கும். கதையின் ஓசைகள் எல்லாம் நாகேஷின் வாயிலிருந்தே பிறக்கின்றன. அவற்றால் விளையும் அச்சம் பாலையாவின் முகத்தில் தெரிகிறது. ஒருவர் ஓசை தர, மற்றவர் உருவம் தர, நடுவில் இல்லாத ஒரு படம் பார்வையாளர் மனத்தில் ஓடுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செல்லப்பாவிடம் உண்மையில் கதை எதுவும் இல்லை, ஓசைகள்தாம் உள்ளன. இது பார்வையாளருக்கு விரைவில் புரிந்துவிடுகிறது. தந்தையோ பயத்தில் மூழ்கி அதை மறந்துவிடுகிறார். மூன்றாவது வகை நேரம் இங்கே ஒரு சிறு காட்சிக்குள் அமைந்திருக்கிறது. அதனால்தான் காட்சி அவசரப்படாமல் நீள்கிறது. நீளம் குறைந்தால் பயம் ஏறாது, பயம் ஏறாவிட்டால் சிரிப்பும் ஏறாது. நீண்ட காலம் வில்லன் வேடங்களில் பிறரை மிரட்டிய பாலையா இங்கே மிரள்பவராக அமர்ந்திருப்பது இன்னொரு சுவை.

இப்படத்தை ஸ்ரீதரே 1966இல் 'பியார் கியே ஜா' என்ற பெயரில் இந்தியில் எடுத்தார. கதை சொல்பவராக மெஹ்மூதும் கேட்பவராக ஓம் பிரகாஷும் நடித்தனர். மெஹ்மூதின் பாணி வேறு. உடல் அசைவுகள் பெரிது, முகபாவங்கள் அதிகம். ஆயினும் காட்சி அங்கேயும் சிரிக்க வைக்கிறது. மொழி மாறி, நடிகர்கள் மாறிய பின்னும் காட்சி உயிரோடு இருப்பதற்குக் காரணம் அதன் அமைப்பு மாறாததுதான். சொல்பவர் கேட்பவருக்கு மிக அருகில் இருக்கிறார், கேட்பவரின் முகத்துக்கு வேண்டிய நேரம் தரப்படுகிறது, கதை கண்ணுக்குக் காட்டப்படுவதில்லை. நடிகரின் தனித்திறனால் மட்டுமே வென்ற காட்சி என்றால் நடிகரோடு அது முடிந்திருக்கும்.

'கோல்மால்', 'தில்லு முல்லு': ஒரு கதை, இரண்டு ஓட்டங்கள்

ஒரே இயக்குநர் நடிகர்களை மாற்றியதை மேலே கண்டோம். ஒரே கதையை இரு இயக்குநர்கள் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 'கோல்மால்' (1979), 'தில்லு முல்லு' (1981) ஆகிய இரண்டும் நல்ல சான்றுகள். இந்திப் படத்தை ரிஷிகேஷ் முகர்ஜி இயக்கினார். தமிழ்ப் படத்தை கே. பாலசந்தர் இயக்க, விசு வசனம் எழுதினார்.

கதை இரண்டிலும் ஒன்றே. வேலை வேண்டி முதலாளியின் விருப்பு வெறுப்புகளுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டு பொய் சொல்கிறான் ஓர் இளைஞன். விளையாட்டு மைதானத்தில் முதலாளியின் கண்ணில் பட்டுவிட, தனக்கு மீசையில்லாத இரட்டைச் சகோதரன் இருப்பதாக அடுத்த பொய்யைச் சொல்கிறான். பிறகு இருவராகவும் நடிக்க வேண்டியதாகிறது. இந்தியில் அமோல் பாலேகரும் உத்பல் தத்தும், தமிழில் ரஜினிகாந்தும் தேங்காய் சீனிவாசனும் நடித்தனர்.

ரிஷிகேஷ் முகர்ஜி படத்தொகுப்பாளராக இருந்து இயக்குநர் ஆனவர். பிமல் ராயின் 'தோ பீகா ஜமீன்' (1953) படத்துக்குப் படத்தொகுப்பு செய்தவர் அவரே. அந்தப் பயிற்சி 'கோல்மால்' படத்தில் தெரிகிறது. வீடுகள், அலுவலகம், நண்பர்கள் எல்லாம் இயல்பு வாழ்க்கையின் நிதானத்தில் காட்டப்படுகின்றன. பொய் சொல்பவன் குரலை உயர்த்துவதில்லை. சுற்றுப்புறம் இவ்வளவு சாதாரணமாக இருப்பதால் நடுவே நிகழும் பெரும் பொய் மேலும் பெரிதாகத் தெரிகிறது. இறுதிப் பகுதியின் துரத்தலில் மட்டும் படம் இந்த நிதானத்தை விட்டுவிடுகிறது. அதுவரை வந்த நுட்பத்தோடு ஒப்பிட்டால் அப்பகுதி சற்று இரைச்சலானது.

பாலசந்தரும் விசுவும் மேடை நாடகத்திலிருந்து வந்தவர்கள். தேங்காய் சீனிவாசனும் நாடக மேடையில் பெயர் பெற்றவர். எனவே 'தில்லு முல்லு' உரையாடலின் ஏற்ற இறக்கத்தில் நடக்கிறது. ஒருவர் ஒரு சொல்லை எறிய, மற்றவர் அதைப் பிடித்துத் திருப்பி எறிகிறார். நேர்முகத் தேர்வுக் காட்சியில் முன்னே வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக விரைந்து விரட்டப்படுகின்றனர். பிறகு நாயகன் பணிவோடு உள்ளே வரும்போது காட்சியின் ஓட்டம் தணிகிறது. அந்த வேகம் முன்னால் இல்லாவிட்டால் இந்த நிதானத்துக்கு மதிப்பில்லை. தேங்காய் சீனிவாசனின் முகம் கடுமையிலிருந்து நெகிழ்ச்சிக்குப் படிப்படியாக மாறுவதற்கு இயக்குநர் முழு நேரம் தருகிறார். ஏமாறுபவர் மெல்ல மெல்ல ஏமாறுவதைப் பார்ப்பதே அக்காட்சியின் இன்பம்.

இரு படங்களில் எது சரி என்ற கேள்வி பயனற்றது. ஒரு திரைக்கதைக்குப் பொருத்தமான ஓட்டம் ஒன்றே ஒன்றுதான் என்பதில்லை. தேர்ந்தெடுத்த ஓட்டத்தைக் கடைசிவரை காப்பாற்றுவதே தேவை. இரண்டிலும் பொதுவாக உள்ளது ஒன்று: நாயகனுக்கு மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் உண்மையாகவே இருக்கிறது. வேலை போனால் வாழ்க்கை போகும் என்பதைப் பார்வையாளர் நம்புகிறார். 2013இல் பத்ரி இயக்கத்தில் வந்த புதிய 'தில்லு முல்லு' பகடித் தொனியை அதிகம் நம்பியது. நாயகன் எதற்கும் கலங்காதவனாகத் தோன்றும்போது, பொய்க்கும் அது வெளிப்படுவதற்கும் இடையிலுள்ள நேரம் இறுக்கத்தை இழக்கிறது. தனித்தனித் துணுக்குகள் சிரிக்க வைத்தாலும் கதை சிரிக்க வைப்பதில்லை.

'மைக்கேல் மதன காமராஜன்': காத்திருக்காத படம்

1990இல் வெளிவந்த 'மைக்கேல் மதன காமராஜன்' படத்துக்குத் திரைக்கதை கமல்ஹாசன், வசனம் கிரேசி மோகன், இயக்கம் சிங்கீதம் சீனிவாச ராவ். கிரேசி மோகன் மேடை நாடகங்களால் வளர்ந்தவர். அவருடைய 'மேரேஜ் மேட் இன் சலூன்' நாடகமே பாலசந்தரின் 'பொய்க்கால் குதிரை' (1983) படமாயிற்று. மேடையில் சிலேடை விழுந்ததும் அரங்கம் சிரிக்கும். அனுபவமுள்ள நடிகர் அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அடுத்த வசனத்தைத் தொடங்குவார். திரைப்படத்துக்கு இந்த வசதி கிடையாது. எவ்வளவு நேரம் சிரிப்பு நீடிக்கும் என்பதை முன்கூட்டியே கணித்து இடைவெளி விட்டால், அரங்கம் சிரிக்காதபோது அந்த இடைவெளி ஓட்டையாகத் தெரியும்.

சிங்கீதம் சீனிவாச ராவ் காத்திருக்கவே இல்லை. ஒரு சிலேடை முடியுமுன் அடுத்தது தொடங்கிவிடுகிறது. அரங்கின் சிரிப்பில் சில வசனங்கள் கேட்காமல் போகும் என்பது தெரிந்தே செய்த தேர்வு போல இது தோன்றுகிறது. முதல் முறை பார்ப்பவர் பலவற்றைத் தவறவிடுவார். மறுமுறை பார்க்கும்போது அவை புதிதாகக் கிடைக்கும். அப்படம் ஆண்டுகள் கடந்தும் திரும்பத் திரும்பப் பார்க்கப்படுவதற்கு இது ஒரு காரணம்.

இவ்வளவு அடர்த்தியான பேச்சு சலிப்புத் தராமல் இருப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. நான்கு வேடங்களுக்கும் பேச்சின் நடை ஒன்றுபோல் இல்லை. சமையற்காரர் காமேஸ்வரனின் பாலக்காட்டுத் தமிழ் இழுத்து இழுத்துப் போகிறது. தொழிலதிபர் மதனின் பேச்சு ஆங்கிலம் கலந்து நறுக்கென்று விழுகிறது. மைக்கேலின் பேச்சு கரடுமுரடானது. ஒருவரை விட்டு மற்றவரிடம் கதை தாவும்போதெல்லாம் ஓட்டமும் மாறுகிறது, பார்வையாளர் காதுக்கு ஓய்வு கிடைக்கிறது.

கல்யாணச் சமையலில் சாம்பாருக்குள் மீன் விழுந்துவிடும் பகுதி மூன்றாவது வகை நேரத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. உண்மை பார்வையாளருக்குத் தெரியும், பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. இங்கே சிரிப்பைத் தருவது சொல் விளையாட்டைவிட, எப்போது தெரிந்துவிடுமோ என்ற பதைப்புதான்.

இந்த இயக்குநர்தான் மூன்று ஆண்டுகளுக்கு முன் 1987இல், தமிழில் 'பேசும் படம்' என்று அறியப்பட்ட வசனமே இல்லாத படத்தை எடுத்தவர். சொல் இல்லாமல் சிரிக்க வைக்கத் தெரிந்தவரிடம் சொல் நிறைந்த திரைக்கதை கிடைத்தது இப்படத்தின் பேறு. உச்சக்கட்டத்தில் மலை விளிம்பில் வீடு ஊசலாடும் பகுதி, சாப்ளினின் 'தி கோல்டு ரஷ்' (1925) படத்தை நினைவூட்டுகிறது. அங்கே வசனம் பின்னுக்குப் போய், யார் எந்தப் பக்கம் நகர்கிறார்கள் என்பதே நகைச்சுவையாகிறது. சாப்ளினின் வீட்டில் இருவரே இருந்தனர், இங்கே கூட்டமே இருக்கிறது. அதனால் பகுதி கொஞ்சம் நீண்டுவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

நல்ல எழுத்து எங்கே வீணாகிறது

மேற்கண்ட படங்களிலிருந்து எதிர்மறைப் பாடங்களையும் பெறலாம். நல்ல வசனம் திரையில் வீணாவதற்குச் சில வழக்கமான காரணங்கள் உள்ளன.

ஒன்று, சிரிக்கும்படி கட்டளையிடும் இசை. வசனம் முடிந்ததும் வேடிக்கையான ஓசை ஒன்று ஒலித்தால், சிரிப்பு வந்த இடத்திலும் நின்றுவிடும்.

இரண்டு, பாத்திரங்களே சிரித்துக்கொள்வது. செல்லப்பாவோ காமேஸ்வரனோ தாம் வேடிக்கையானவர்கள் என்று நினைப்பதில்லை. சொல்பவர் தீவிரமாக இருக்கும்வரைதான் பார்ப்பவர் சிரிக்க முடியும்.

மூன்று, முடிந்த காட்சியை முடிக்காமல் இழுப்பது. சிரிப்பின் உச்சத்துக்குப் பின் ஒரு வசனம் கூடினாலும் அது விளக்கவுரை ஆகிவிடும்.

நான்கு, தேவையற்ற அண்மைக்காட்சிகள். இருவரையும் ஒருசேரக் காட்டினால் யாரைப் பார்ப்பது என்பதைப் பார்வையாளரே தேர்ந்துகொள்வார். முகம் மாற்றி முகம் காட்டும்போது அந்தச் சுதந்திரம் பறிபோகிறது, உரையாடலின் தாளமும் உடைகிறது.

இவை எல்லாம் எழுத்தாளரின் குறைகள் அல்ல. ஆனால் படம் தோற்றால் வசனத்தில் சிரிப்பு இல்லை என்றே சொல்லப்படும். அதே நேரத்தில் இயக்கம் எல்லாவற்றையும் சாதித்துவிடும் என்றும் கொள்ளக்கூடாது. வாழைப்பழக் காட்சியில் பதில் மாறாமல் இருப்பது எழுத்தாளரின் கண்டுபிடிப்பு. அது இல்லாமல் எவ்வளவு நேரம் கொடுத்தாலும் பயன் இருந்திருக்காது. டைமிங் இருக்கும் பொருளைப் பெருக்கும், இல்லாத பொருளை உண்டாக்காது.

துண்டுக் காட்சிகளின் காலம்

இன்றைய மாணவர்கள் பழைய நகைச்சுவைப் படங்களைப் பெரும்பாலும் முழுமையாகப் பார்ப்பதில்லை. தொலைக்காட்சியின் நகைச்சுவை அலைவரிசைகளிலும் யூடியூப்பிலும் சில நிமிடத் துண்டுகளாகவே பார்க்கின்றனர். இதனால் அக்காட்சிகள் மறக்கப்படாமல் வாழ்கின்றன என்பது நன்மை. ஆனால் வெட்டப்பட்ட துண்டில் முதல் இரண்டு வகை நேரங்கள் மட்டுமே மிஞ்சுகின்றன. மூன்றாவது வகை பல வேளைகளில் அறுந்துபோகிறது.

செல்லப்பா கதை சொல்லும் காட்சி தனியாகவும் நிற்கும், ஏனெனில் அதற்கு வேண்டியவை அதற்குள்ளேயே உள்ளன. 'தில்லு முல்லு' நேர்முகத் தேர்வு அப்படியன்று. முதலாளிக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்பது நாயகனுக்கு முன்பே சொல்லித்தரப்படுகிறது. அந்த முன்காட்சியைப் பார்க்காதவருக்கு நேர்முகத் தேர்வில் நாயகனின் ஒவ்வொரு பதிலும் பாதிச் சுவையையே தரும். துண்டுகளை மட்டுமே பார்த்துப் பழகியவர் நகைச்சுவை என்பது வசன வீச்சு மட்டுமே என்று எண்ணத் தொடங்குகிறார். குறும்படமோ பள்ளி நாடகமோ எழுதும்போது அவர் துணுக்குகளை அடுக்குகிறார், ஆனால் அவற்றைத் தாங்கும் கதையை அமைப்பதில்லை.

இதற்கு மாற்று எளிது. விருப்பமான நகைச்சுவைப் படம் ஒன்றை முழுமையாக ஒருமுறை பார்க்கலாம். பிறகு அதில் பிடித்த காட்சியை மூன்று முறை பார்க்கலாம். முதல் முறை பேசுபவரை விட்டுவிட்டுக் கேட்பவரின் முகத்தை மட்டும் கவனிக்க வேண்டும். இரண்டாம் முறை ஒலியை நிறுத்திவிட்டு, எந்த இடத்தில் கேமரா நகர்கிறது, எந்த இடத்தில் அசையாமல் நிற்கிறது என்று குறிக்க வேண்டும். மூன்றாம் முறை, பார்வையாளருக்குத் தெரிந்த உண்மை பாத்திரத்துக்குத் தெரியவர எத்தனை நிமிடம் ஆகிறது என்று கணக்கிட வேண்டும். இந்தப் பயிற்சிக்குப் பிறகு 'காதலிக்க நேரமில்லை' கதைக் காட்சியைப் பார்ப்பவருக்கு, நாகேஷின் குரலோடு பாலையாவின் மௌனமும் சேர்ந்து கேட்கும். அந்த மௌனத்துக்கு இடம் கொடுத்தவர் ஸ்ரீதர் என்பதும் அப்போது விளங்கும்.